சில்லு வைச்ச வீட்டிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

 

முதல்ல ஒரு விசயத்தைத் தெளிவாச் சொல்லிப்போடுறன். நாங்கள் வீட்டை விக்கேல்ல. ஸ்காபரோ வீடு அப்பிடியேதான் கிடக்கு, அதின்ர கடனும் அப்பிடியேதான் கிடக்கு. மகன் வட்சப்பில போட்ட படத்தைப் பாத்துப்போட்டு, "கனடாவில இருந்ததுகள் இப்ப அமெரிக்காவில றோட்டோரத்தில வானுக்குள்ள சமைச்சுத் திண்டுகொண்டு கிடக்குதுகளாம்" எண்டு ஆரோ கதை கட்டி, அது தேத்தண்ணிக் கடை வரைக்கும் போய், நீங்கள் எங்களுக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறியளாம். நேர்ந்ததை உடைச்சுப்போடுங்கோ, காசு நான் அனுப்புறன். ஆனால் கதை பொய். வானுக்குள்ள சமைச்சது உண்மை, றோட்டோரத்தில படுத்ததும் உண்மை. அதுக்கு நாங்கள் காசு குடுத்தனாங்கள், அதுதான் வித்தியாசம். காசில்லாமல் அப்பிடி இருந்தால் அகதி. காசு குடுத்து இருந்தால் ஹொலிடே.

போனில விளங்கப்படுத்தலாம் எண்டு பாத்தன். "சாவுப் பள்ளத்தாக்கு" எண்டு நான் வாய் திறக்க முதல் "ஆற்ற சாவு?" எண்டு நீங்கள் குளறத் தொடங்கினியள், அதோட லைனும் போச்சு. அதால எழுதுறன். நிலாவெளிக்குப் போற குடும்பம் ஒண்டிட்டக் குடுத்துவிடுறன். ஆறுதலா வாசியுங்கோ, ஆனால் சாப்பிடேக்க வாசியாதையுங்கோ. ஏனெண்டு பிறகு தெரியும்.

இவருக்கு வேலையால ஓய்வு வந்ததும் மகன்தான் ரிக்கற் போட்டுத் தந்தவன். நாங்கள் கியூபாவாக்கும், கப்பலாக்கும் எண்டு இருந்தம். அவன் அனுப்பினது லாஸ் வேகாஸுக்கு. அங்க சூதாட்ட மண்டபங்களின்ர வெளிச்சத்தை எல்லாம் ரக்சிக் கண்ணாடிக்குள்ளால பாத்துக்கொண்டு ஊருக்கு வெளிய ஒரு யார்டுக்குப் போனால், எங்களுக்கெண்டு ஒரு வாகனம் நிக்குது. கேம்பர் எண்டு சொல்லுவினம். இருபத்தைஞ்சு அடி நீளம். புல்மோட்டை பஸ்ஸுக்குள்ள ஆரோ குடும்பம் நடத்தினது போல உள்ளுக்குள்ள கட்டில், மேசை, காஸ் அடுப்பு, பிறிட்ஜ் எல்லாம் கிடக்கு. சாரதியின்ர தலைக்கு மேல இன்னொரு கட்டில். அலுமாரியாக்கும் எண்டு கதவைத் திறந்தால் கக்கூஸ்.

இவரின்ர சந்தோசத்தைப் பாக்கவேணும். யார்டுப் பெடியன் "பின்னுக்கு எடுக்கிறதுதான் கஷ்டம், பழக ரெண்டு மூண்டு நாள் செல்லும்" எண்டு சொல்லி வாய் மூடேல்ல, இவர் ஒரே மூச்சில ரெண்டு வாகனத்துக்கு நடுவில நூல் பிடிச்ச மாதிரிப் பின்னுக்கு எடுத்து நிப்பாட்டிப்போட்டார். பெடியன் எந்தக் கொம்பனியில லொறி ஓடினனீர் எண்டு கேக்கிறான். வயல் வரம்பில நெல்லு மூட்டை ஏத்தின பெட்டியோட மெசி ரக்ரரைப் பின்னுக்கு எடுத்த மனிசன் எண்டு அவனுக்கு எப்பிடிச் சொல்லுறது? அண்டு துடங்கி இவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தேவை இல்லாத இடத்திலையும் பின்னுக்கு எடுக்கிறார்.

இந்த வாகனத்தில மூண்டு தண்ணித் தாங்கி இருக்கு. ஒண்டில நல்ல தண்ணி, நூற்றைம்பது லீற்றர் மட்டில. ரெண்டாவதில குளிச்சுக் கழுவின தண்ணி சேரும், அதைச் சாம்பல் எண்டுவினம். மூண்டாவது கறுப்பு. அதில என்ன சேரும் எண்டு நான் எழுதேல்ல. அது நிரம்பினால் அதுக்கெண்டு உள்ள இடத்துக்குப் போய், கையுறை போட்டு, தும்பிக்கை மாதிரி ஒரு குழாயைக் கொழுவித் திறந்துவிடவேணும். ஞாயிற்றுக்கிழமைக் காலமையில அங்க வரிசை நிக்கும். டொக்டர், வக்கீல், வங்கி மனேச்சர் எல்லாரும் தங்கட தங்கட குழாயோட நிண்டு காலநிலை கதைப்பினம். ஊரில வளவுக்குப் பின்னால போறதைச் சொல்ல வெக்கப்பட்ட ஆக்கள் நாங்கள். வெளிநாட்டில இவ்வளவு காலம் உழைச்சு, ஓய்வெடுத்து, அதைக் கையில குழாயாப் பிடிச்சுக்கொண்டு வெள்ளைக்காரனோட வரிசையில நிக்கிறதுக்கு நாளுக்கு இவ்வளவு டொலர் எண்டு கட்டியிருக்கிறம். இவர் முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்தவர். பிறகு அதிலையும் வல்லுநராகி, பக்கத்தில நிண்ட ஒரு கிழவருக்குக் குழாயை எந்தச் சரிவில பிடிக்கவேணும் எண்டு பாடம் எடுத்தவர்.

தண்ணி விசயத்தில மட்டும் நான் ராணி. யார்டுப் பெடியன் "ரெண்டு பேர் எண்டால் ரெண்டு மூண்டு நாளைக்குக் காணும்" எண்டவன். நான் அதைப்போல மூண்டு மடங்கு ஓட்டினன். முல்லைத்தீவில நாங்கள் இருந்த கொட்டிலையும், விடிய மூண்டு மணிக்குக் கிணத்தடியில வாளி வைச்சு இடம் பிடிச்சதையும் நினைச்சுப் பாருங்கோ. ஒரு வாளியில ரெண்டு பிள்ளையைக் குளிக்க வாத்து, அந்தத் தண்ணியில உடுப்பு அலம்பி, மிச்சத்தைக் கத்தரிக் கண்டுக்கு ஊத்தின கை இது. பக்கத்துக் கேம்பர்க்கார மனிசி இதைப் பாத்துப்போட்டு, நான் ஏதோ வகுப்புக்குப் போய்ப் படிச்சனான் எண்டு நினைச்சு எங்க படிச்சது எண்டு கேட்டவ. இஞ்ச இதுக்கெல்லாம் வகுப்பு இருக்காம் அக்கா. புத்தகமும் இருக்காம்.

அண்டிரவு இவர் மேல் கட்டிலில மல்லாந்து கிடந்துகொண்டு சொல்லுறார்: "எடியே, 85இல ஊர் எரியேக்க எங்கட வீட்டுக்குச் சில்லு இருந்திருந்தால் வீட்டோட ஓடியிருக்கலாம். 90இலயும் அதே வீட்டோட ஓடியிருக்கலாம்." சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் புரையேறிப் போச்சு.

சரி, பாத்த இடங்களைச் சொல்லுறன்.

முதல்ல அந்தச் சாவுப் பள்ளத்தாக்கு. கடல் மட்டத்துக்கு 86 மீற்றர் கீழ, ஆனால் கடல் இல்லை. கண்ணுக்கு எட்டின மட்டும் உப்பு. நிலாவெளி உப்பளம் போலத்தான், ஆனால் அள்ளுவாரில்லை. சனம் அதில நடந்து படம் எடுக்குது. 1913ஆம் ஆண்டு ஆடி மாதம் 10ஆம் தேதி அங்க ஃபர்னஸ் கிரீக் எண்ட இடத்தில 56.7 பாகை வெக்கை பதிஞ்சதாம், அதுதான் உலகத்துக்கே ஆகக்கூட எண்டு இண்டைக்கும் கணக்கு. கோடையில கேம்பர் வாடகைக்குக் குடுக்கிற கன கொம்பனிகள் அந்தப் பக்கம் போகவே விடாதுகளாம். நாங்கள் போனது பங்குனி, கச்சான் காத்து அடிக்கேக்க எங்கட முத்தத்தில நிண்ட அளவுதான். இவர் உப்பில காலை வைச்சு, வெயிலை அண்ணாந்து பாத்து, பெருமூச்சு விட்டார். "உப்பு இருக்கு. வெயில் இருக்கு. காத்து இருக்கு. ஈ கூட இல்லை. கருவாடு போட இதைவிட இடம் உலகத்தில இல்லை. ஒரு மீன் இல்லையே!" பக்கத்தில நிண்ட சீனாக்காரர் இவர் ஏதோ பிரார்த்தனை செய்யிறார் எண்டு நினைச்சு விலகிப் போனவை.

பிறகு ஹூவர் அணை. இதில இவர் வயல்காரனாய் மாறிப்போட்டார். 1931இல துடங்கி 1936இல கட்டி முடிச்ச கொங்கிறீற் கட்டு, உயரம் 221 மீற்றர். வழிகாட்டிப் பிள்ளை மின்சாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போகுது, இவருக்கு அது தேவையில்லை. துருசு எங்க இருக்கு, வான் எங்க பாயும், அதுதான் கேள்வி. அதை நான் இங்கிலீசில மாத்திக் கேக்க, பிள்ளை ரெண்டு பக்கமும் பெரிய வாய்க்கால் வாய்களைக் காட்டிச்சு. கட்டி முடிச்ச நாளில இருந்து ரெண்டே ரெண்டு தரம்தான் அதில தண்ணி பாஞ்சதாம். 1941இல சோதிச்சுப் பாக்க ஒருக்கா, 1983இல வெள்ளம் வந்து ஒருக்கா. "83இல இஞ்சயும் ஏதோ உடைச்சுக்கொண்டு வந்திருக்கு" எண்டு இவர் எனக்கு மட்டும் கேக்கச் சொன்னார். பிறகு 86இல கந்தளாய்க் குளக்கட்டு உடைஞ்ச கதையை அந்தப் பிள்ளைக்கு முழுக்கச் சொல்ல வெளிக்கிட்டார். பாவம், அதுக்குப் பின்னால நாப்பது பேர் நிண்டவை.

இப்ப குளம் வத்திப்போய்க் கிடக்கு. பாறைச் சுவரில தண்ணி நிண்ட மட்டத்துக்கு வெள்ளைக் கோடு, மேல மேல. கொலராடோ எண்ட அந்த ஆற்றை இந்தக் கட்டு, அந்த வாய்க்கால், மற்றப் பட்டணம் எண்டு எல்லாரும் மறிச்சு எடுத்து, கன காலமா அது கடலுக்குப் போய்ச் சேருறதே அருமையாம். தெற்கால யூமா எண்ட இடத்தில, வெறும் பாலைவனத்தில, அந்தத் தண்ணியில இலைக்கறி விளையுது. மாரி காலத்தில நாங்கள் ஸ்காபரோக் கடையில வாங்கிற சலாட் இலையில கனக்க அங்கையிருந்துதான் வருகுதாம். எங்கட யான் ஓயா கடலில விழுறதைப் பாத்து வளந்த மனிசனுக்கு இது பிடிக்கேல்ல. "ஆறு கடலைப் பாக்காமல் சாகிறதெண்டால் அது என்ன ஆறு" எண்டு ரெண்டு நாள் முறுகிக்கொண்டிருந்தார். ஆனால் சலாட்டை மிச்சம் வைக்கேல்ல.

லேக் ஹவாசு எண்டு ஒரு பட்டணம். அங்க லண்டன் பாலம் நிக்குது அக்கா. பகிடி இல்லை, உண்மையான லண்டன் பாலம். 1831இல தேம்ஸ் ஆத்தில திறந்தது. அது பாரம் தாங்காமல் தாழத் துடங்க, வெள்ளைக்காரன் அதை ஏலத்துக்குப் போட்டிட்டான். மரம் அரியிற செயின்சோ செய்து பணக்காரனான மக்கலக் எண்ட அமெரிக்கர் 1968இல 24 லட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு அதை வாங்கி, கல்லுக் கல்லா நம்பர் போட்டுக் கழட்டி, கப்பலில ஏத்திக் கொண்டுவந்து பாலைவனத்தில நிப்பாட்டினவர். 71இல திறந்தவை. இதில நல்ல பகுதி என்னெண்டால், பாலத்தைக் கட்டேக்க கீழ தண்ணி இல்லை, வெறும் தரை. கட்டின பிறகுதான் கீழால வாய்க்கால் வெட்டித் தண்ணி விட்டவை. கிண்ணியாவில பரம்பரை பரம்பரையாத் தண்ணி கிடந்து, சனம் பாதைப் படகில ஏறி இறங்கி, பாலம் வந்தது 2009இல. இவங்களுக்குப் பாலம் முதல் வருகுது, தண்ணி பிறகு வருகுது. எங்கட நாட்டை ஆண்ட ஆக்கள் தங்கட பாலத்தையே வித்த ஆக்கள் எண்டு அறிஞ்சதில எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

அதுக்குத் தெற்கால குவாட்சைட். இந்த ஊரைப் பற்றித்தான் உங்களுக்கு விரிவா எழுதவேணும் எண்டு நினைச்சனான். நிரந்தரமா இருக்கிறது ரெண்டாயிரத்துச் சொச்சம் சனம். குளிர் காலம் வந்தால் அமெரிக்காவின்ர வடக்கில இருந்தும் கனடாவில இருந்தும் லட்சக்கணக்கில கிழவன் கிழவிகள் இந்த வாகனங்களோட வந்து இறங்குங்கள். மரம் இல்லை, கடல் இல்லை, கோயில் இல்லை. கல்லும் புழுதியும். அரசாங்கக் காணி, வேலி கிடையாது, எங்க வேணுமெண்டாலும் நிப்பாட்டலாம், காசு கேக்கமாட்டாங்கள். ஒரே ஒரு சட்டம்: அந்த இலவசக் காணியில 14 நாளுக்கு மேல ஒரு இடத்தில இருக்க ஏலாது. எழும்பி வேற இடம் போகவேணும். (மாசக்கணக்கில இருக்கிறதெண்டால் காசு கட்டிற பகுதி வேறயா இருக்கு.) இதைக் கேட்ட உடன எனக்கும் இவருக்கும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிப்பு. 14 நாளுக்கு ஒருக்கா எழும்பிறதில எங்களுக்கு இருக்கிற அனுபவத்துக்கு இவங்கள் பட்டமே தரலாம்.

பின்னேரத்தில எல்லாரும் மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து வெளிய போட்டு இருப்பினம். ஒருத்தர் விறகு கொண்டுவருவார், ஒருத்தி சூப் கொண்டுவருவா. ஆர் எந்த ஊர், பிள்ளைகள் எத்தினை, ஆருக்கு என்ன வருத்தம், எந்த இடத்தில தண்ணி பிடிக்கலாம், எந்தக் கடையில காஸ் மலிவு, இதுதான் கதை. நான் இங்கிலீசில தடக்கித் தடக்கிக் கதைச்சாலும் கதை எனக்குத் தெரிஞ்ச கதையாய் இருந்தது. முகாமிலையும் இதைத்தானே கதைச்சனாங்கள். மிஷிகனில இருந்து வந்த ஒரு மனிசன், பெரிய வீட்டை வித்துப்போட்டு வந்தவராம், "உடமை குறையக் குறையத்தான் மனம் லேசாகும், இதை நாங்கள் அறுபது வயசில கண்டுபிடிச்சம்" எண்டு சொன்னார். இவர் உடன "நாங்கள் இருபதிலேயே கண்டுபிடிச்சிட்டம், ஆமி உதவி செய்தது" எண்டார். அந்த மனிசன் இவர் ஆமியில இருந்தவர் எண்டு விளங்கிக்கொண்டு எழும்பி நிண்டு கைகுடுத்து, நாட்டுக்குச் செய்த சேவைக்கு நன்றி எண்டார். நான் இவரைத் திருத்த விடேல்ல. அந்தக் கைகுடுப்போட ரெண்டு பியரும் வந்தது.

அந்த ஊர்ச் சுடலையில ஒரு கல்லுக் கூம்பு இருக்கு, மேல ஒரு ஒட்டகப் பொம்மை. ஆர் எண்டு கேட்டால் ஹாஜி அலி எண்ட மனிசன். 1856இல அமெரிக்க ஆமி, பாலைவனத்தில சாமான் சுமக்க எண்டு ஒட்டகங்களைக் கப்பலில கொண்டுவந்தது, அதுகளை மேய்க்க ஆக்களையும் கொண்டுவந்தது. அதில வந்தவர். ஒட்டகத்தின்ர மணத்துக்குக் குதிரையும் கோவேறு கழுதையும் வெருண்டு ஓட, உள்நாட்டுச் சண்டையும் துடங்க, திட்டம் கைவிட்டுப்போச்சு. ஒட்டகங்களை வித்தும் விட்டும் கலைச்சாங்கள். மனிசன் அங்கையே கிடந்து 1902இல செத்தார். வெள்ளைக்காரனின்ர வாய்க்குள்ள அவற்ற பேர் ஹை ஜாலி ஆகிப்போச்சு, கல்லிலையும் அதுதான் இருக்கு. 1935இல அரிசோனா நெடுஞ்சாலைத் திணைக்களம் அந்தக் கூம்பைக் கட்டினது. ஒப்பந்தத்தில வேலைக்கு வந்து, வேலை போய், ஊருக்குத் திரும்பாமல், பேரையும் துலைச்ச ஆள். இவர் அதில ஒரு சின்னக் கல்லை எடுத்து வைச்சுக் கும்பிட்டார். மத்திய கிழக்குக்கு ஆள் அனுப்பிற நாட்டில பிறந்தவையள் நாங்கள். மத்திய கிழக்கில இருந்து இஞ்ச ஆள் எடுத்தவங்கள் எண்டது புதினமாய்த்தான் இருந்தது.

வழி முழுக்கக் கள்ளி மரம். சகுவாரோ எண்டு பேர், பனை உயரம் வரும், ஒரு கிளை விடவே அம்பது எழுபது வருசம் செல்லுமாம். களவெடுத்துக் கொண்டுபோய் வீட்டு முத்தத்தில நடுற ஆக்கள் இருக்கிறபடியால், ஒரு தேசியப் பூங்காவில கள்ளிக்குள்ள மின்சில்லு வைச்சு விட்டிருக்கிறாங்கள். எங்கட மாட்டுக்குக் குறி சுட்டும் களவு போகுது, அதுக்கும் இதைச் செய்யலாம் எண்டு இவர் சொல்லுறார். மாடு எங்க நிக்குது எண்டு போனில காட்டுமாம். காட்டினாலும் போய்க் கேக்க ஏலுமோ எண்டதுதான் கேள்வி.

இனிப் பெரிய பள்ளத்தாக்கு, கிராண்ட் கன்யன். 446 கிலோமீற்றர் நீளம், ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல ஆழம். அதைப் பற்றி எழுத எனக்கு வராது, மகன் அனுப்பின படத்தைப் பாருங்கோ, படத்திலையும் அது வராது. குளிர் பொல்லாதது. ஏழாயிரம் அடி உயரத்தில இரவில தண்ணிக் குழாய் உறையும் எண்டு இவர் குழாய்க்கு என்ர பழைய சுவெற்றரைச் சுத்திவிட்டவர்.

நான் எழுத வந்தது வேற. விளிம்பில நிண்டு பாத்தால் பள்ளத்துக்குள்ள இருந்து மலைகள் கோபுரம் கோபுரமா எழும்பி நிக்குது. பலகையில பேர் போட்டிருக்கு. வாசிச்சுப் பாத்தால் விஷ்ணு கோயில், பிரம்மா கோயில், சிவன் கோயில்! புத்தர் கோயிலும் இருக்கு. கீழ கிடக்கிற 170 கோடி வருசத்துப் பாறைக்கும் விஷ்ணுவின்ர பேர்தான். 1882இல டட்டன் எண்ட நில ஆய்வாளர், கீழைநாட்டு விசயங்களை வாசிச்ச மனிசன், விஷ்ணுவையும் சிவனையும் துடக்கிவைக்க, பின்னால வந்தவங்கள் மிச்சத்தை வைச்சிருக்கிறாங்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டன். இவர் பாக்கிறார், பூசை இல்லை, ஐயர் இல்லை, உண்டியல் இல்லை. சிவன் மலையும் புத்தர் மலையும் பக்கத்துப் பக்கத்தில நிக்குது, ஒரு பொலிஸ்காரன் காவல் இல்லை, ஒரு பலகை "எங்கட" எண்டு சொல்லேல்ல. "எங்கட கந்தசாமி மலையை இஞ்ச கொண்டுவந்து வைச்சால் என்ன? பாலத்தைக் கொண்டுவந்தவங்கள்தானே" எண்டு கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியேல்ல. மேல வட்டதாகேயும் சமஸ்கிருதக் கல்வெட்டும் இருக்கிற மலை, சனம் கந்தசாமி எண்டு கூப்பிடுற மலை. அதைக் கழட்டி நம்பர் போடத் துடங்கினால் முதல் கல்லுக்கே வழக்கு வரும்.

அந்தச் சிவன் கோயில் மலையில இன்னொரு பகிடி. 1937இல நியூயோர்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்து ஆக்கள், இந்த மலை ஆயிரக்கணக்கான வருசமாத் தனிச்சு நிக்குது, மேல புதுவகை மிருகங்கள் இருக்கும் எண்டு பெரிய படையெடுப்பு நடத்தினவை. பத்திரிகைகள் டைனோசர் வரைக்கும் போனதுகள். ஏறிப் பாத்தால் பக்கத்து மேட்டில இருக்கிற அதே எலியும் அணிலும்தான். அதுக்கு மேலால, அந்தப் பக்கத்துப் படப்பிடிப்புக்காரர் எமரி கோல்ப் எண்டவர் ஓசைப்படாமல் முன்னமே ஏறி இறங்கி, வெறும் கொடாக் பிலிம் பெட்டியை அங்க விட்டிட்டு வந்திருக்கிறார். ஊர்க்காரன் ஏறினதைக் கணக்கில எடுக்காமல் ஆராய்ச்சிக்கு வாற பழக்கம் எல்லா மலையிலையும் உண்டு போல.

பிறகு நவஹோ ஆக்களின்ர நாடு. அமெரிக்காவுக்குள்ளையே ஒரு நாடு மாதிரி, தங்கட பொலிஸ், தங்கட மன்றம். அங்க உள்ளட்ட உடன எங்கட மணிக்கூடு குழம்பிப்போச்சு. அரிசோனா கோடை நேரம் மாத்தாது, நவஹோ மாத்தும், அதுக்குள்ள இருக்கிற ஹோப்பி ஆக்கள் மாத்தமாட்டினம். ஒரு றோட்டில போகப் போக நேரம் முன்னுக்கும் பின்னுக்கும் போகுது. பக்கத்தில நிண்ட ஜேர்மன்காரர் தலையைப் பிச்சினம். எங்களுக்கு ஒண்டும் செய்யேல்ல. ஊரில 96இல அரசாங்கம் மணிக்கூட்டைத் தள்ள, வன்னியில பழைய நேரமே இருக்க, 2006 வரைக்கும் ஒரு நாட்டுக்குள்ள ரெண்டு நேரம் ஓடினதெல்லோ. "பழைய நேரமோ புது நேரமோ?" எண்டு கேட்டுக் கலியாண வீட்டுக்குப் போனவையள் நாங்கள். இவர் போற இடமெல்லாம் அதே கேள்வியைத் தமிழில கேட்டுக்கொண்டு வந்தவர்.

மொனுமென்ற் வலி எண்ட இடத்துச் செம்மலைகளை நீங்கள் இங்கிலீசுப் படத்தில பாத்திருப்பியள், குதிரைக்காரர் சுடுபடுற இடம். நான் அதைவிடக் கூட நேரம் நிண்டது றோட்டோரத்தில ஒரு தகரக் கொட்டிலில. ஒரு மனிசி, எங்கட வயசுதான், தாச்சியில எண்ணெய் கொதிக்க, மாவைக் கையால தட்டித் தட்டிப் போட்டு எடுக்கிறா. எனக்கு அந்தக் கை அசைவைப் பாத்த உடன விளங்கிப்போச்சு. அது ரொட்டி. பொரிச்ச ரொட்டி. தேனும் தரலாம், உப்பும் தரலாம் எண்டவ. நான் உப்பு எண்டன்.

அவ சொன்ன கதை இதுதான். 1864இல அமெரிக்க ஆமி அவையின்ர வயலை எரிச்சு, பீச் மரங்களை வெட்டி, ஆடு மாட்டை அழிச்சு, சனத்தை முன்னூறு மைலுக்கு மேல நடக்கவைச்சு நியூ மெக்சிகோவில ஒரு முகாமில கொண்டுபோய் அடைச்சது. எட்டாயிரம் ஒன்பதாயிரம் சனம். வழியில செத்தது கனபேர். அங்க தண்ணி உப்பு, பயிர் வரேல்ல. நிவாரணமாக் குடுத்தது கோதம்ப மாவும் கொழுப்பும். சோளம் திண்ட சனம், அந்த மாவை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் கொழுப்பில பொரிச்சுத் திண்டது. அதில பிறந்ததுதானாம் இந்த ரொட்டி. 1868 ஆனி 1ஆம் தேதி ஒப்பந்தம் எழுதி, ஊருக்குத் திரும்பி வந்தவை. துரத்தின சனங்களுக்குள்ள சொந்த மண்ணுக்கே திரும்பினது கொஞ்சப் பேர்தான், அதில தாங்கள் ஒண்டு எண்டு சொன்னா.

சங்கக்கடை நிவாரண மா ஞாபகம் இருக்கோ அக்கா? புழு பொறுக்கிப் பொறுக்கி அரிச்சு, தேங்காய்ப்பூ இல்லாத நாளில வெறும் உப்போட குழைச்சுத் தட்டினது? நான் அதைச் சொன்னன். அந்த மனிசி தாச்சியை இறக்கி வைச்சிட்டு, "எண்ணெய் தந்தவங்களோ?" எண்டு கேட்டா. இல்லை, சுட்டுத்தான் திண்டனாங்கள் எண்டன். "அப்ப எங்களுக்குக் குடுத்தவன் கொஞ்சம் நல்லவன்" எண்டு சொல்லி அவ சிரிச்ச சிரிப்பில கொட்டில் ஆடிச்சுது. எதோட திண்டனியள் எண்டு கேட்டா. செத்தல் மிளகாய்ச் சம்பலோட எண்டு சொல்லி, கேம்பரில கிடந்த போத்தலைக் கொண்டுவந்து குடுத்தன். தொட்டுப் பாத்திட்டுக் கண்ணைத் துடைச்சுக்கொண்டு போத்தலை உள்ளுக்குப் பத்திரப்படுத்தினா. அந்த ரொட்டிக்குக் காசு வாங்கேல்ல.

இவர் வழமை போலக் காணியில போய் நிண்டார். உறுதி இருக்கோ எண்டு கேட்டார். இல்லையாம். காணி மத்திய அரசாங்கத்தின்ர பொறுப்பில, வீடு கட்ட வேணுமெண்டால் குத்தகைப் பத்திரம் எடுக்கவேணும், அது வர வருசக்கணக்கில செல்லும். "எங்கட பெர்மிற் காணிதான்!" எண்டு இவர் துள்ளினார். இருந்த களைப்பெல்லாம் போய், ரெண்டு பேரும் மரவாங்கில இருந்து காணிக் கந்தோர் எப்பிடி அலைக்கழிக்கும் எண்டு ஒரு மணித்தியாலம் கதைச்சினம். இவருக்கு இங்கிலீசு போதாது, அவவுக்கு எங்கட கந்தோர் தெரியாது. ஆனாலும் ரெண்டு பேருக்கும் எல்லாம் விளங்கிச்சுது. அங்க கன வீடுகளுக்கு இன்னும் குழாய்த்தண்ணி இல்லை, பிக்கப்பில பெரிய பறல் வைச்சு ஏத்திக்கொண்டு போகினம். எங்கட நல்ல தண்ணித் தாங்கியில மிச்சம் கிடந்ததை இவர் அவவின்ர பறலுக்குள்ள இறக்கிவிட்டிட்டுத்தான் வெளிக்கிட்டவர். எனக்கு அடுத்த ஊர் வரைக்கும் வாய் கொப்பளிக்கவும் தண்ணி இல்லை.

பெற்றோல் செலவை இவர் எழுத வேண்டாம் எண்டவர். கலனுக்குப் பத்து மைல் கூட ஓடாத வாகனம் எண்டு மட்டும் அறிஞ்சு வைச்சிருங்கோ.

இனி அலுவல் கதை. ஓகஸ்ற்றில வாறம், ரிக்கற் போட்டாச்சு. அதுக்கு முதல் கிணத்தை இறைச்சுச் சேறு எடுப்பியுங்கோ, ஆளுக்குச் சம்பளம் பேசிப்போட்டு எனக்குச் சொல்லுங்கோ. மேற்கு வேலி கிடக்கட்டும், இவர் வந்து தான்தான் அடைக்கவேணும் எண்டு நிக்கிறார். சின்னவளுக்குக் கேட்ட சப்பாத்து அளவு ஐரோப்பா அளவோ அமெரிக்க அளவோ எண்டு கேட்டு எழுதுங்கோ. தேங்காய்க் காசு இதோட வருகுது.

இப்படிக்கு,
உங்கட அன்புத் தங்கச்சி

பி.கு: அக்கா, இது நான் எழுதுறன். இவள் என்னைப் பற்றி எழுதினதில கருவாடு மட்டும்தான் முழு உண்மை. காலபோகம் என்ன மாதிரி விளைஞ்சது, ஏக்கருக்கு எத்தினை மூட்டை கண்டது எண்டு ஒரு சொல்லும் நீங்கள் போனில சொல்லேல்ல. யானை வந்ததோ, வேலிக்கு மின்சாரம் போட்டாச்சோ? மெசியின்ர பின் ரயரை விக்கவேண்டாம் எண்டு மருமகனிட்டச் சொல்லுங்கோ, நான் வந்து பாத்துத்தான் முடிவு. பட்டிக்காரத் தம்பியிட்ட எருமைத் தயிர் ரெண்டு சட்டி இப்பவே சொல்லி வையுங்கோ. போன முறை மாதிரி நாலு நாள் புளிச்சதைத் தந்தால் வாங்கமாட்டன் எண்டும் சொல்லுங்கோ.